கொலம்பஸ், இண்டியானா: தோழியோடு இரண்டு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனால், சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு உறுமல் கேட்கும். அடுத்த நொடி விளக்கெல்லாம் எரியும். அந்த ஜெனரேட்டரின் பக்கவாட்டில் பல தடவை ‘கம்மின்ஸ்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் பிறந்த ஊருக்குப் போய்வருவதற்கான வழிகாட்டி இது. அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியில், சோளக்காடுகளுக்கு நடுவே, 50,000 பேர் வாழும் ஊர். கடல் இல்லை, மலை இல்லை, கேசினோ இல்லை.

சிகாகோ பக்கத்தில் குடியிருக்கும் நான், வார இறுதிக்கு அங்கே போகிறேன் என்று சொன்னதும் அலுவலகத்தில் ஒருவர்கூட “ஓ, நல்ல இடம்” என்று சொல்லவில்லை. “அங்கே என்ன இருக்கு?” என்றுதான் கேட்டார்கள். கட்டடங்கள் இருக்கின்றன. உலகப் புகழ்பெற்றவர்கள் கட்டித்தந்த தேவாலயம், நூலகம், பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், வங்கி, தபால் ஆபீஸ். 1991இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கட்டட அழகில் சிறந்த ஊர்களை வரிசைப்படுத்தியபோது சிகாகோ, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, பாஸ்டன், வாஷிங்டனுக்கு அடுத்து ஆறாவது இடம் இந்த ஊருக்குக் கிடைத்தது.

நானும் என் ஹாஸ்டல் தோழியும் இரண்டு தடவை போய் வந்துவிட்டோம். முதல் தடவை பாதி பார்த்தோம், பாதி கோட்டை விட்டோம். நீங்கள் ஒரே தடவையில் பார்த்துவிடத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கொலம்பஸ் என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள். ஹோட்டல் அறை தேடும்போது ‘கொலம்பஸ்’ என்று மட்டும் அடித்தால் முதலில் வந்து நிற்பது ஓஹையோ மாநிலத் தலைநகர். அது பெரிய நகரம், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. என் தோழி மிக மலிவாக ஒரு அறை பிடித்துவிட்டதாகப் பெருமையாக எனக்கு அனுப்பிய ரசீதில் ஓஹையோ என்றிருந்தது. நல்லவேளை, ரத்து செய்யும் கெடு முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் நாஷ்வில்லுக்கும் இதே கதைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாம் போகவேண்டியது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ். இண்டியானாபொலிஸ் நகருக்குத் தெற்கே சுமார் 45 மைல். ரயில் கிடையாது. விமானத்தில் வருபவர்கள் இண்டியானாபொலிஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். சிகாகோவிலிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் ஏறினால் நேரே தெற்கு, நிற்காமல் ஓட்டினால் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 68ஆம் எண் வெளிவழியில் இறங்கும்போது சாலைக்கு மேல் சிவப்பு நிறத்தில் ஒரு வளைவுப் பாலம் தெரியும். அதுதான் ஊரின் வாசல்.

படி 2: போகும் முன் ஒரு ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை தெரியாமல் போனால் இந்த ஊர் வெறும் செங்கல்லும் கண்ணாடியும்தான். கதை நீளமானதில்லை.

கம்மின்ஸ் என்ஜின் கம்பெனி 1919இல் இங்கே தொடங்கியது. கிளெஸி கம்மின்ஸ் என்ற மெக்கானிக்கின் மூளை, இர்வின் என்ற வங்கிக் குடும்பத்தின் பணம். அந்தக் குடும்பத்தில் 1909இல் பிறந்த ஜே. இர்வின் மில்லர் பிறகு கம்பெனிப் பொறுப்புக்கு வந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரில் பிள்ளைகள் பெருகினார்கள், பள்ளிக்கூடம் போதவில்லை. அவசரத்தில் கட்டிய பள்ளிகள் பார்க்கச் சகிக்கவில்லை. இப்படிப்பட்ட ஊருக்கு நல்ல என்ஜினியர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு எப்படி வந்து குடியேறுவார்கள் என்ற கவலை ஒரு முதலாளிக்கு வரத்தானே செய்யும்?

மில்லர் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு பேரம் வைத்தார். நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரை நீங்களே தேர்ந்தெடுங்கள். வரைபடம் போடும் அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். கட்டும் செலவு உங்களுடையது. பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் முதல் வரிசைக்காரர்கள். 1957இல் ஹாரி வீஸ் கட்டித்தந்த ஷ்மிட் தொடக்கப் பள்ளி முதல் அறுவடை. பிறகு பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் ஊரின் மற்ற பொதுக் கட்டடங்களுக்கும் இந்த ஏற்பாடு பரவியது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. பணக்காரர் ஊருக்கு எதையாவது கட்டிக் கொடுத்து வாசலில் தன் பெயரைப் பொறித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இவர் கட்டடத்தைக் கொடுக்கவில்லை, யோசிப்பதற்கான கூலியை மட்டும் கொடுத்தார். முடிவு எடுத்ததும் மீதிப் பணம் போட்டதும் ஊர்க்காரர்கள். அதனால்தான் அந்தக் கட்டடங்களை இன்றும் அவர்கள் சொந்த வீட்டுத் திண்ணை மாதிரிப் புழங்குகிறார்கள். கம்பெனிக்கு இதில் சுயநலம் இல்லையா என்றால், இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நேரம் இருந்தால், கோகொனாடா இயக்கிய ‘கொலம்பஸ்’ (2017) படத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஜான் சோவும் ஹேலி லூ ரிச்சர்ட்சனும் இந்த ஊர்க் கட்டடங்களைச் சுற்றி நடந்து பேசுவதுதான் பெரும்பாலும் படம். என் தோழி பதினைந்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நான் இரண்டு தடவை பார்த்தேன். இந்த வித்தியாசம் படி 5-க்கு உதவும்.

படி 3: மாதம் குறியுங்கள்

அக்டோபர். பேச்சே இல்லை. மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருக்கும், நடப்பதற்கு ஒரு ஸ்வெட்டர் போதும். அதிலும் ஒற்றைப்படை ஆண்டாக இருந்தால் இரட்டை லாபம்: 2017இல் தொடங்கிய ‘எக்ஸிபிட் கொலம்பஸ்’ கண்காட்சிக்காக இளம் கலைஞர்கள் பழைய கட்டடங்களின் முன்னால் தற்காலிகமாக எதையாவது கட்டி வைத்திருப்பார்கள். ஜூலையில் புழுக்கம், ஜனவரியில் காது அறுந்து விழும் குளிர். ஏப்ரல், மே பரவாயில்லை, மழைக்கு மட்டும் தயாராக இருங்கள்.

படி 4: மில்லர் வீட்டுக்கு முதலில் டிக்கெட், அப்புறம்தான் மற்றதெல்லாம்

இந்த ஊரில் நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாத முக்கியமான இடம் மில்லர் குடும்பத்தின் வீடு. ஒரு சுற்றில் கொஞ்சம் பேரை மட்டுமே அழைத்துப் போவார்கள். வீட்டு வாசலில் போய் நிற்கமுடியாது. ஐந்தாவது தெருவில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் கூடி, அவர்கள் வண்டியில்தான் போகவேண்டும். முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே முதலில் இந்த டிக்கெட், பிறகு அந்தத் தேதிக்கு ஹோட்டல், பிறகு மேலதிகாரியிடம் வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. வரிசையை மாற்றாதீர்கள்.

இனி நாங்கள் கோட்டை விட்ட கதை. தோழி இருப்பது சின்சினாட்டியில். நான் வடக்கிலிருந்து வர, அவள் கிழக்கிலிருந்து வர, கொலம்பஸில் சந்திப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை காலை பத்து மணிச் சுற்றுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. நான் விடியற்காலையில் கிளம்பி, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும் சமவெளியை எல்லாம் தாண்டி, நிம்மதியாக வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

“எங்கடி இருக்க?”

“இண்டியானாபொலிஸ் நெருங்கிட்டேன். முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன். ஒன்பதுதானே ஆகுது?”

“ஒன்பதா? இங்க பத்துடி! வண்டி கிளம்பப் போகுது!”

சிகாகோ மத்திய நேரம். கொலம்பஸ் கிழக்கு நேரம். ஐ-65 சாலையில் ஜாஸ்பர் மாவட்டம் முடிந்து ஒயிட் மாவட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. என் பழைய காரின் கடிகாரத்துக்கு அது தெரியாது. இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்தும் எனக்கும் உறைக்கவில்லை. அவள் தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. பார்வையாளர் மையத்தில், டேல் சிஹூலியின் மஞ்சள் நியான் சரவிளக்குக்குக் கீழே, கையில் இரண்டு டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சிகாகோ, மில்வாக்கி பக்கத்திலிருந்து வருபவர்கள் ஊருக்கு வெள்ளி இரவே வந்து சேர்ந்துவிடுங்கள். ஐ-65 ஓரத்தில் வழக்கமான சங்கிலி ஹோட்டல்கள் நிறைய; ஊருக்குள் குறைவு. விலை கொஞ்சம் கூடுதலானாலும் ஊருக்குள் தங்குங்கள், காலையில் நடந்தே போகலாம்.

படி 5: தோழியோடு ஒப்பந்தம்

கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாற்பத்தைந்து வயதில் ஒரே அறையில் இருக்கமுடியும் என்று நினைப்பது தவறு. ஒருத்தி இரவு ஏசியை உறைபனிக்குக் கொண்டுபோவாள், இன்னொருத்தி குறட்டை விடுவாள். இரண்டு அறை எடுத்தால் நட்பு நீடிக்கும். கையைக் கடித்தால் ஒரே அறை, காதடைப்பான் இரண்டு ஜோடி.

அதைவிட முக்கியம் வேகம். கட்டடம் பார்ப்பதில் இரண்டு சாதி உண்டு. முதல் சாதி, கையில் வரைபடம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கும்; படம் எடுத்தால் கட்டடம் முடிந்தது. இரண்டாவது சாதி, பெஞ்சு கண்டால் உட்கார்ந்துவிடும். என் தோழி முதலாவது, நான் இரண்டாவது. முதல் பயணத்தில் மதியம் ஒரு மணிக்கே இருவருக்கும் முகம் தூக்கிக்கொண்டது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம்: காலை இருவரும் சேர்ந்து, மதியம் இரண்டு மணி நேரம் அவரவர் வழி, மாலையில் மறுபடி சேர்ந்து. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் பதினோரு கட்டடம் பார்த்தாள். நான் ஒன்று பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச இரண்டு பேரிடமும் விஷயம் இருந்தது.

பணம்: ஒருத்தி கார்டில் எல்லாம் போகட்டும், ஊர் திரும்பியதும் கணக்கு. ஒவ்வொரு காப்பிக்கும் கால்குலேட்டரைத் திறக்காதீர்கள்.

படி 6: சனிக்கிழமை காலை, ஐந்தாவது தெரு

காரை நிறுத்திவிடுங்கள். ஒரே தெருவில் நடந்து மூன்று தலைமுறைகளைப் பார்க்கலாம்.

ஒரு பக்கம், ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் தேவாலயம், 1942. கட்டியவர் பின்லாந்திலிருந்து வந்த எலியெல் சாரினென். தேவாலயம் என்றாலே கூர்மாடமும் வண்ணக் கண்ணாடியும் என்றிருந்த ஊரில், வெளிர் செங்கல்லில் ஒரு நீளப் பெட்டியும் பக்கத்தில் 166 அடி உயரத்தில் தனியாக ஒரு கோபுரமும் எழுந்தன. முகப்பில் சிலுவைகூட நட்டநடுவில் இல்லை, கொஞ்சம் ஒதுங்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் வழிபாடு நடக்கும். உள்ளே போய் உட்கார யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அந்த நேரத்தில் கேமராவைப் பையில் வையுங்கள்.

எதிரே நூலகம், 1969. ஐ. எம். பெய். இருபது வருஷம் கழித்து பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடால் உலகெங்கும் பேசப்பட்ட அதே பெய். செங்கல் கட்டடம், எதிரிலிருக்கும் தேவாலயத்தோடு போட்டி போடாமல் தாழ்வாக அமர்ந்திருக்கிறது. முன்னால் ஒரு திறந்த முற்றம் வேண்டும் என்று ஒரு தெருவையே மூட வைத்தார். முற்றம் காலியாக இருக்கக்கூடாது, அதில் ஒரு சிற்பம் வேண்டும் என்றும் சொன்னார். அதுதான் ஹென்றி மூரின் ‘பெரிய வளைவு’, 1971. வெண்கலம், 20 அடி உயரம், பச்சை பூத்திருக்கிறது. தூரத்தில் ஏதோ பெரிய விலங்கின் இடுப்பெலும்பு மாதிரி. கிட்டே போனால் உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கும். தொடலாம், உள்ளே புகுந்து வெளியே வரலாம்.

வெளியே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போங்கள். என்னுடைய அந்த இரண்டு மணி நேரம் இங்கேதான் கழிந்தது. தலைக்கு மேலே பணியாரக் கல்லைக் கவிழ்த்துவைத்த மாதிரி கான்கிரீட்டில் சதுரச் சதுரக் குழிகள். கீழே ஒரு தாத்தா செய்தித்தாளை முகத்துக்கு மூன்று அங்குலத்தில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். தரையில் வயிற்றில் படுத்துக்கொண்டு ஒரு சிறுமி டைனோசர் புத்தகம் புரட்டினாள், செருப்பு ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று இன்னொரு பக்கம். யாரும் தலை தூக்கிக் கூரையைப் பார்க்கவில்லை. பார்த்தது நான் மட்டும்தான். இந்த ஊரைப் பார்ப்பது எப்படி என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது: கட்டடத்தைப் பார்க்கிற அளவுக்கு அதற்குள் நடக்கிற வேலையையும் பாருங்கள்.

அதே தெருவில் மேற்கே நடந்து வாஷிங்டன் தெருவுக்கு வந்தால் இர்வின் வங்கி, 1954. எலியெலின் மகன் ஈரோ சாரினென் கட்டியது. செயின்ட் லூயிஸ் நகரத்து வளைவைக் கட்டியவர் என்றால் சட்டென்று தெரியும். அந்தக் காலத்து வங்கி என்றால் கோட்டைச் சுவர், தூண், கம்பிக்குப் பின்னால் காசாளர். இவர் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, கூரையில் ஒன்பது சிறு குவிமாடம் கவிழ்த்து, கம்பியை எடுத்துவிட்டார். கடன் கேட்க வரும் விவசாயி வாசலிலேயே மிரளக்கூடாதல்லவா. பிறகு இது கம்மின்ஸின் கூட்ட அரங்கமானது. உள்ளே போகமுடியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடிதானே.

கோர்ட்டுப் பக்கம் நடக்க பத்து நிமிடம் ஒதுக்குங்கள். 1874ஆம் வருஷத்துக் கோர்ட்டுக்கு அருகில் 25 சுண்ணாம்புக்கல் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் 40 அடி. 1997இல் எழுப்பிய போர் வீரர் நினைவிடம். வெளித் தூண்கள் சொரசொரப்பு. உள்ளே நுழைந்தால் வழவழப்பான முகங்களில் இந்த மாவட்டத்து வீரர்களின் பெயர்களும், சிலர் போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் செதுக்கியிருக்கின்றன. சாப்பாடு, குளிர், அம்மா எப்படியிருக்கிறாள் என்ற விசாரிப்பு. கீழே அவர்கள் இறந்த தேதி. டிக் அடிக்கும் என் தோழி இங்கே ஒரு படமும் எடுக்கவில்லை.

படி 7: வயிறு

வாஷிங்டன் தெருவில் ஸாஹாராகோஸ் ஐஸ்கிரீம் கடை. 1900இல் கிரேக்க நாட்டிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கியது. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு வந்த ஓனிக்ஸ் கல் சோடா மேடை, தேக்கு நிற மரச் செதுக்கல், கண்ணாடி. ஜெர்மனியில் செய்த 1908ஆம் வருஷத்து தானியங்கி ஆர்கன் ஒன்று சுவரோரம் நிற்கிறது. அதை இயக்கிவிட்டால் குழல், மேளம், தாளம் எல்லாம் தானாக முழங்கும். நம்மூர்க் கோயில்களில் மின்சாரத்தில் அடிக்கும் மேளம் ஞாபகம் வந்து இருவரும் சிரித்துவிட்டோம். இங்கே பேர்போன ‘கோம்’ சாண்ட்விச் கொத்தின மாட்டிறைச்சி. மாடு சாப்பிடாதவர்கள் பெயர் விநோதமாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஐஸ்கிரீம் போதும்.

கம்மின்ஸ் இருப்பதால் இந்தியக் குடும்பங்கள் இங்கே கணிசம். இந்தியச் சாப்பாட்டுக் கடை உண்டு, மளிகை உண்டு. சைவக்காரர்கள் தவிக்க வேண்டியதில்லை. ஆனால் சிறிய ஊர், ராத்திரி கடைகள் சீக்கிரம் மூடிவிடும். ஏழு மணிக்கே சாப்பிடுங்கள். ஞாயிறு எது திறந்திருக்கும் என்பதை சனிக்கிழமையே கேட்டு வையுங்கள்.

படி 8: மாலையில் காரை எடுங்கள்

ஊரின் ஓரங்களில் இருப்பவற்றை நடந்து பார்க்கமுடியாது. மூன்று மட்டும் போதும்.

நான்காம் எண் தீயணைப்பு நிலையம். ராபர்ட் வென்ச்சூரி, 1960களின் கடைசியில் கட்டியது. முதல் பார்வைக்கு ஏமாற்றம்தான்: ஷெட் மாதிரி இருக்கிறது. நடுவில் உருண்டையாக ஒரு கோபுரம், அதில் பெரிதாக 4. கோபுரம் அலங்காரம் இல்லை. நனைந்த தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்த. சாதாரணக் கட்டடம் சாதாரணமாகத்தான் இருக்கவேண்டும், வீண் பெருமை வேண்டாம் என்பது வென்ச்சூரியின் கட்சி. நாங்கள் போனபோது ஒரு தீயணைப்பு வீரர் வண்டியின் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். கட்டடத்தைப் படம் எடுக்க ஆட்கள் வருவது அவருக்குப் பழகியிருக்க வேண்டும். கையைக்கூட ஆட்டாமல் ஓர் அடி தள்ளி நின்று இடம் விட்டார். வண்டி வெளியே வரும் வழியில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள். மணி அடித்தால் அவர்களுக்கு நீங்கள் சுற்றுலாப் பயணி இல்லை, இடைஞ்சல்.

நார்த் கிறிஸ்டியன் தேவாலயம், 1964. ஈரோ சாரினெனின் கடைசி வேலைகளில் ஒன்று. கட்டி முடியும் முன்பே, 1961இல், 51 வயதில் இறந்துபோனார். அறுகோணக் கூரை புல்தரையிலிருந்து மெல்ல மேலேறி, 192 அடிக்கு ஊசியாகக் கூர்ந்துபோகிறது. அந்தி வெயிலில் பார்க்கவேண்டிய கட்டடம். மெஷினுக்கு எண்ணெய் விடும் டப்பா என்று ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்களாம். என்ஜின் ஊரில் அதுவும் பொருத்தம்தான். சபைக்கு ஆள் குறைந்து 2022இல் கலைந்துவிட்டது, கட்டடத்தை மாவட்டப் பொது நூலகத்தின் கையில் கொடுப்பதென முடிவானது. உள்ளே போகமுடியுமா என்பதைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய ‘ரிபப்ளிக்’ பத்திரிகை அலுவலகம், 1971. இதை இருட்டியபிறகு பாருங்கள். நீளமான கண்ணாடிப் பெட்டி. அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கவேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். பத்திரிகை போய்விட்டது. இப்போது உள்ளே இண்டியானா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலை மாணவர்கள்.

பள்ளிக்கூடங்களைச் சாலையில் நின்றே பாருங்கள். அவை இன்னும் பள்ளிக்கூடங்கள்.

படி 9: மில்லர் வீட்டுக்குள்

இரண்டாவது பயணத்தில், வெள்ளி இரவே வந்து படுத்து, இரண்டு போனிலும் அலாரம் வைத்து, ஒருவழியாக உள்ளே போனோம்.

1957இல் முடிந்த வீடு. ஈரோ சாரினெனும் கெவின் ரோச்சும் கட்டடம், டான் கைலி தோட்டம், அலெக்ஸாண்டர் ஜிரார்ட் உள் அலங்காரம். மில்லரின் மனைவி ஸீனியா 2008இல் இறந்தபிறகு பிள்ளைகள் இண்டியானாபொலிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்; 2011 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். ஒரே தளம். சிலுவை வடிவில் 16 இரும்புத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன, தூணுக்குத் தூண் கூரையில் கண்ணாடிப் பட்டை. அதனால் வெயில் கோடு கோடாகத் தரையில் விழுந்து நகர்கிறது.

எல்லோரும் பார்க்க வருவது கூடத்தின் நடுவில் தரையில் சதுரமாக இறக்கிய உட்காரும் பள்ளம். நாலு பக்கமும் மெத்தை, நிறைய குஷன். குளிர்காலத்துக்கு ஒரு நிறம், கோடைக்கு ஒரு நிறம் என்று குஷன் உறையெல்லாம் மாற்றுவார்களாம். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்த சொல் ‘முத்தம்’. வானமும் மழையும் இல்லாத செட்டிநாட்டு முற்றம். விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கலாம், இறங்கி உட்கார முடியாது. இரண்டு தடவை அலைந்து வந்தவளுக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ஜிரார்டைப் பற்றி நமக்குச் சொந்தமான தகவல் ஒன்று. 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இந்தியத் துணிகளுக்கும் கைவினைகளுக்கும் நடந்த பெரிய கண்காட்சியை அமைத்தவர் இவர்தான். ஒரு துணியில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கலாம் என்று தெரிந்த ஆள். அந்தக் குஷன்களில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா கூறைப் புடவைடி” என்று தோழி என் காதில் கிசுகிசுத்தாள். வழிகாட்டி அம்மாள் என்னவென்று கேட்டார். சொன்னோம். தலையாட்டிக்கொண்டார், புரிந்ததா தெரியவில்லை.

வெளியே வரும்போது தோட்டத்தில் வரிசையாக நடப்பட்ட மரங்களைத் தவறவிடாதீர்கள். சுவரே இல்லாமல், மரத்தாலும் செடிவேலியாலும் அறை அறையாகப் பிரித்திருக்கிறார் கைலி. அவசரமாக நடந்தால் இது கண்ணில் படாது.

படி 10: ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வழி. கால் வலித்தால் மில் ரேஸ் பூங்கா, ஆற்றங்கரை. முன்பு தோல் பதனிடும் ஆலையும் குடிசைகளும் இருந்த, வெள்ளம் ஏறும் தாழ்நிலம். வெள்ளத்தைத் தடுக்காமல், வந்தால் வந்துபோகட்டும் என்ற கணக்கில் 1992இல் மைக்கேல் வான் வால்கன்பர்க் பூங்காவாக்கினார். 84 அடிக் கோபுரம் திறந்திருந்து, ஏற முடிந்தால் ஊர் முழுக்கத் தெரியும்: தேவாலயக் கூம்புகள், கோர்ட்டு மணிக்கூண்டு, அதற்கப்பால் சோளம். மழைக்காலத்தில் கீழே தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

கால் வலிக்கவில்லையென்றால் 46ஆம் எண் சாலையில் மேற்கே அரைமணி நேரம் ஓட்டினால் நாஷ்வில். டென்னஸியின் பாட்டு நாஷ்வில் அல்ல, அதே பெயரில் ஒரு குட்டியூண்டு ஊர். பக்கத்தில் பிரவுன் மாவட்ட மாநிலப் பூங்கா, இண்டியானாவிலேயே பெரியது. இலை நிறம் மாறும் காலத்தில் மாநிலமே அங்கே கிளம்பி வந்துவிடும். அக்டோபர் ஞாயிறு பதினொரு மணிக்குமேல் என்றால் ஊர்ந்துதான் போகவேண்டும். காலை எட்டுக்கே கிளம்புங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நாங்கள் விட்டுவிட்டோம்.

திரும்பும் வழியில் சிகாகோக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: வரும்போது பறிபோன ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும். தோழி 46ஆம் எண் சாலையில் கிழக்கே போய் கிரீன்ஸ்பர்க்கில் ஐ-74 பிடிக்கவேண்டும், அவளுக்கு அந்தச் சலுகை இல்லை. இருந்தாலும் எனக்காக நின்றாள். அந்த ஒரு மணி நேரத்தை மூரின் வளைவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தோம், பிளாஸ்கில் மீதியிருந்த ஆறிப்போன காப்பியோடு. ஒரு பையன் ஸ்கூட்டரில் வளைவுக்குள் புகுந்து, நூலக வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடி புகுந்தான். ஒவ்வொரு தடவையும் வெண்கலத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு. நாலாவது சுற்றில் அவன் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.